எட்டு வீட்டுப் புகைபோக்கி

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைக்கு அருகிலுள்ள ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியின் வெள்ளைச் சீருடையில் மார்கழி மாதம் முழுவதும் புகை வாடை வீசியது. அவளுடைய தாய் இருமுறை துவைத்துப் பார்த்தார். சலவைத்தூளை மாற்றினார். வெயிலில் நாள் முழுதும் உலர்த்தி மடித்து அலமாரியில் வைத்த உடை, மறுநாள் காலை எடுக்கும்போது மீண்டும் அதே வாடையுடன் இருந்தது. அதே மாதத்தில் அம்மாணவிக்குக் காலைதோறும் தலைவலி வந்தது. பள்ளிக்குச் சென்று நண்பகல் ஆவதற்குள் வலி தானே விலகிவிடும். மருத்துவர் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்; கண்ணாடி வாங்கித் தந்தார்கள். தேர்வு அச்சம் என்று உறவினர்கள் கூறினர். உடையின் வாடைக்கும் தலையின் வலிக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்று அப்போது எவரும் எண்ணவில்லை.

அந்த மாடி வீடு ஒரு ‘வடார’வின் பகுதி. ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டப்பட்ட வாடகைக் குடியிருப்பைக் கன்னடத்தில் வடார என்பார்கள். தமிழில் வட்டாரம் என்பது ஊரின் ஒரு பகுதியைக் குறிக்கும். இக்குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, தம் முற்றத்தையே ‘வட்டாரம்’ என்கின்றன. பெங்களூர் நகர ரயில் நிலையத்துக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் இடைப்பட்ட இப்பகுதியில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ரயில்வேயும், 1884இல் தொடங்கப்பட்டுப் பின்னர் பின்னி ஆலை என்று பெயர் பெற்ற துணி ஆலையும் அவர்களில் பலருக்குப் பிழைப்பளித்தன. இன்று அந்த ஆலை இல்லை. ஆலைத் தொழிலாளிக்கென்று கட்டப்பட்ட சில வடாரங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

இந்த வட்டாரத்தில் கீழே ஆறு வீடுகளும் மேலே இரண்டு வீடுகளும் உள்ளன. முற்றத்தின் பின்கோடியில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை ஒன்று. கன்னடக் குடும்பங்கள் அதனைப் ‘பச்சலு’ என்கின்றன. அங்கே சுவரோடு சேர்த்துக் கட்டிய அடுப்பின் மேல் ஆறேழு குடம் நீர் கொள்ளும் செம்பு அண்டா ஒன்று கழுத்துவரை புதைந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் அமைந்த பெங்களூரில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக் குளிர் பழைய வீடுகளின் அமைப்பையே தீர்மானித்திருக்கிறது. 1884 ஜனவரி 13 அன்று இந்நகரில் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை இதன் மிகக் குறைந்த வெப்பநிலை. சமையலறைக்கு நிகராக வெந்நீர் அடுப்புக்கும் இடம் ஒதுக்கிக் கட்டியதன் பொருள் இந்தக் குளிரில் இருக்கிறது.

அந்த அடுப்பை மூட்டுபவர் கீழ் வரிசையின் கடைசி வீட்டில் வசிக்கும் மூதாட்டி. வயது எழுபதைக் கடந்துவிட்டது. கணவர் ஆலைத் தொழிலாளியாக இருந்து மறைந்தவர். பேறு நடந்த வீடுகளில் தாய்க்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது நாற்பது ஆண்டுகளாக அவருடைய தொழில். பிள்ளை பெற்றவளைக் கன்னடத்தில் ‘பாணந்தி’ என்பர். பாணந்திக்கு ஊற்றும் நீர் இரண்டு வாளியோடு முடிவதில்லை. இடுப்பில், முதுகில், அடிவயிற்றில் என்று சூடு மாறாமல் குடம் குடமாக ஊற்றவேண்டும். அதனால்தான் வட்டாரத்தில் மற்றவர்கள் மின்கம்பிக்கும் கீஸருக்கும் மாறிய பின்னும் அவர் அண்டாவை விடவில்லை. பழைமைப் பற்று என்று இதனைச் சொல்லிவிட முடியாது. அந்த அண்டாதான் அவருடைய தொழிற்கருவி.

அடுப்பைச் சுற்றி வழங்கும் சொற்களை உற்றுநோக்கினால் இரு மொழிகளின் உறவு தெரியும். தமிழில் உலை, கன்னடத்தில் ஒலெ. தமிழில் புகை, கன்னடத்தில் ஹொகெ. இரண்டாம் அசையில் ஐகாரமோ அகரமோ வரும்போது முதலசையின் உகரம் கன்னடத்தில் ஒகரமாகத் தாழ்வதும், பழங்கன்னடத்தின் சொல்முதற் பகரம் பின்னர் ஹகரமானதும் திராவிட மொழியியலில் நிறுவப்பட்ட மாற்றங்கள். தாமஸ் பரோவும் முர்ரே எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இச்சொற்கள் அருகருகே நிற்கின்றன. அண்டாவும் ஹண்டெயும் வடக்கிலிருந்து இரு மொழிகளுக்கும் வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள். தீயும் புகையும் பழைய உறவினர். பாத்திரம் பின்னர் வந்த விருந்தாளி. சிம்னி என்ற ஆங்கிலச் சொல்லோ இன்னும் பிந்திவந்தது. கிரேக்கத்தில் உலையைக் குறித்த சொல் இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்து, முதலில் கணப்படுப்பையும் பின்னர் அதன் குழாயையும் குறித்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அதே சொல் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக் கூண்டுக்குப் பெயராகி, பிறகு ‘சிம்னி விளக்கு’ என்று விளக்குக்கே பெயராயிற்று.

அடுப்புக்கும் புகைக்கும் புகைபோக்கிக்கும் எல்லோரிடமும் சொல் இருந்தது. புகைபோக்கியின் உள்ளே, செங்கல்லுக்கும் புகைக்கும் நடுவே நிற்கும் அந்த மெல்லிய உட்புறத்துக்கு வட்டாரத்தில் எவரிடமும் சொல் இல்லை. பழுது அங்கேதான் நிகழ்ந்திருந்தது.

புகைபோக்கி புகையை உறிஞ்சுகிறது என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் உள்ளிருக்கும் காற்று சூடாகி எடை குறைவதால், வெளியிலுள்ள குளிர்ந்த கனமான காற்று அடுப்பின் வாய் வழியே நுழைந்து அதனை மேலே தள்ளுகிறது. இந்த விசை மிகச் சிறியது. நான்கு மீட்டர் உயரமுள்ள குழாயில் புகையின் வெப்பம் 100 டிகிரியும் வெளிவெப்பம் 25 டிகிரியும் இருந்தால், பெங்களூரின் காற்றழுத்தத்தில் கிடைக்கும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 8 பாஸ்கல். அதாவது, ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. இத்தனை மெலிந்த விசையை நம்பியே ஒரு வீட்டின் புகை முழுவதும் வெளியேறுகிறது. ஆகவே குழாயில் ஏற்படும் சிறு விரிசலும் பெரிய விளைவைத் தரும்.

அந்த விளைவு விரிசல் உள்ள இடத்தில் தோன்றுவதில்லை. உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும்வரை விரிசல் புகையை வெளியே விடாது. வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்று கலந்ததும் புகை ஆறி, மேலேறும் வேகம் குறையும். கீழே அடுப்பின் வாயில் புகை திரும்பும். குனிந்து ஊதுபவர் விறகு ஈரம் என்று நினைப்பார். மூதாட்டியும் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் நினைத்து விறகுக் கடையை மாற்றியிருந்தார். குழாயின் மேல்வாய் அடைபடும்போதுதான் நிலைமை தலைகீழாகும். அப்போது உள்ளழுத்தம் கூடி, இதுவரை காற்றை இழுத்த அதே விரிசல் புகையைக் கக்கத் தொடங்கும்.

இந்த வட்டாரத்தில் இரண்டும் நேர்ந்திருந்தன. முதலில் இது ஓட்டுக்கூரையிட்ட ஒற்றைத்தளக் கட்டடம். குளியலறையின் செங்கற் புகைபோக்கி ஒன்பது அங்குலச் சதுர வாயுடன், உள்ளே சுண்ணாம்பு பூசப்பெற்று, கூரைக்குச் சற்று மேலே முடிந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் மேலே இரு வீடுகள் எழுப்பப்பட்டபோது, அதன் தலையில் ஆறங்குல ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய் ஒன்றை நிறுத்தி, சாதாரணச் சிமெண்டால் பூசி, மாடி வீட்டின் படுக்கையறை மூலையில் அரைச்செங்கல் சுவரெழுப்பி மறைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அச்சுவரில் ஆணியடித்து மர அலமாரி பொருத்தப்பட்டது. மொட்டைமாடியில் புறாத் தொல்லை மிகுந்த ஓர் ஆண்டில் யாரோ குழாயின் வாயில் கம்பி வலை கட்டினார்கள். யார் கட்டியது என்பது இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. வலையின் கண்களைப் புகைக்கரி சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வந்தது. கீழே, செங்கல்லும் குழாயும் சந்திக்கும் இடத்தில், சிமெண்டுப் பூச்சு சூட்டில் வெடித்து விரலளவு இடைவெளி விட்டிருந்தது. அந்த இடைவெளியிலிருந்து அலமாரியின் ஆணித்துளைகள் வழியே சீருடைக்கும், உறங்கும் சிறுமிக்கும் பாதை இருந்தது.

புகையின் வாடையை மூக்கு அறியும். அதனோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அதனைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். வீட்டை விட்டு வெளியேறினால் தணியும், திரும்பினால் மீளும். இந்த ஏற்றத்தாழ்வுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும் தடயம். பள்ளிக்குப் போனதும் தலைவலி விட்டது என்று அச்சிறுமி சொன்னபோது, அதனைப் பெரியவர்கள் அவளுடைய நலத்துக்கான சான்றாகக் கருதினார்கள். அது எதிர்ப்பக்கம் சுட்டிய சான்று.

பழுதைக் கண்டுபிடித்தவளும் அவளே. ஒரு விடியற்காலையில் அலமாரியைத் திறந்தபோது பின்பலகையின் இடுக்கில் நூல்போல் புகை எழுவதைக் கண்டாள். படியிறங்கிக் குளியலறைக்கு வந்து, சீருடையை மூதாட்டியின் முகத்துக்கு நேரே நீட்டி, “அஜ்ஜி, ஹொகெ வாஸனெ” என்றாள். அஜ்ஜி என்பது பாட்டி. எஞ்சிய இரு சொற்களுக்கும் மூதாட்டிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்து நீரூற்றி அணைத்தார். அன்றிலிருந்து இருபத்திரண்டு நாள்கள் அந்த அடுப்பு மூட்டப்படவில்லை. அவர் குளிர்ந்த நீரில் குளித்தார். எதிர்ச் சந்தில் ஒரு பாணந்திக்கு ஊற்றவேண்டிய நீரை, அந்த வீட்டுச் சமையல் எரிவாயுவில் பாத்திரம் பாத்திரமாகக் காய்ச்சி ஊற்றினார்.

இந்த இருபத்திரண்டு நாள்களில் பெரும்பகுதி கழிந்தது பழுதைச் சரிசெய்வதில் அல்ல, பழுது யாருடையது என்று முடிவு செய்வதில். வீட்டு உரிமையாளர் நேரில் வரவில்லை. அடுப்பை மூடிவிட்டுக் கீஸர் வைத்துக்கொள்ளுமாறு தொலைபேசியில் கூறினார். அந்தக் குளியலறைக்குச் சன்னல் இல்லை. அத்தகைய அறையில் எரிவாயு கீஸரைப் பொருத்துவது அதே நச்சை வாடையில்லாத வடிவில் வரவழைப்பதாகும்; கதவடைத்த குளியலறையில் கீஸரை எரியவிட்டுக் குளித்தவர்கள் மயங்கி இறந்த செய்திகள் இந்திய மருத்துவ இதழ்களிலும் நாளேடுகளிலும் பலமுறை வெளிவந்துள்ளன. நாளும் அண்டா நீரைப் பயன்படுத்துவது மூன்று வீடுகள் மட்டுமே. மற்றவர்கள் தாங்கள் ஏன் பணம் தரவேண்டும் என்று கேட்டார்கள். மாடியில் பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் பணம் கேட்பது அநியாயம் என்று மூதாட்டி கருதினார். எல்லோர் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஆனால் எந்த நியாயமும் அந்த விரலளவு இடைவெளியை அடைக்கவில்லை.

இது ஒரு வட்டாரத்தின் கதை மட்டுமன்று. ஒக்கலிபுரத்திலிருந்து மல்லேசுவரம் வழியாகச் சென்றால் சில கிலோமீட்டர் தொலைவில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. அங்கே 1974இல் அமுல்ய குமார் ரெட்டியின் முயற்சியால் ‘அஸ்திரா’ என்ற ஊரக அறிவியல் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அம்மையத்தினர் உருவாக்கிய மூன்று பாத்திர விறகடுப்புக்கு ‘அஸ்திர ஒலெ’ என்று பெயர். குறைந்த விறகில் மிகுந்த சூடு, புகை வெளியேறத் தனிக் குழாய் என்பவை அதன் சிறப்புகள். அதே காலத்தில் மத்திய அரசு தேசிய அளவில் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அத்திட்டம் முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நிறுவப்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டது. அதற்கும் முன்பே, 1950களில், ஹைதராபாத் பொறியியல் ஆய்வகத்தின் எஸ். பி. ராஜு புகையில்லாச் சமையலறைக்கான அடுப்பை வடிவமைத்திருந்தார். நல்ல அடுப்பை வடிவமைக்கும் அறிவு இந்நாட்டில் குறைவாக இருந்ததில்லை.

நிறுவிய பின் நிகழ்வதைக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரெமா ஹன்னா ஆகியோர் ஒடிசா கிராமங்களில் புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்புகளைப் பெற்ற குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். முதலாண்டில் சமைப்பவர்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. பின்வந்த ஆண்டுகளில் அந்தப் பயன் மறைந்தது. அடுப்புகள் முறையாகப் பயன்படுத்தப்படாததும், பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் குடும்பங்கள் போதிய செலவும் உழைப்பும் இடாததும் காரணங்கள் என்று 2016இல் வெளியான அவர்களின் கட்டுரை கூறுகிறது. இதனை மக்களின் அறியாமை என்று வாசிப்பது எளிது. ஒக்கலிபுரத்து வட்டாரத்தைக் கண்டவர்களுக்கு வேறொரு வாசிப்பும் தோன்றும். அடுப்பு சமைப்பவருடையது என்பதில் ஐயமில்லை. குழாயின் உட்புறம் யாருடையது என்பது எங்கும் எழுதப்படவில்லை.

வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் மாடி வீட்டுத் தாய். மூதாட்டி பணம் வேண்டாம் என்று மறுத்தபோது அவர் கன்னடத்தில் சொன்னதன் பொருள் இது: “எங்கள் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள். பங்கு கொடுத்தால்தான் நாளைக்கு வந்து குழாயைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.” இழப்பீடு பெறவேண்டியவர் செலவில் பங்கேற்க முன்வந்ததும், விலகி நின்றவர்களுக்கு விலகுவதற்கு இடமில்லாமற் போயிற்று. செலவை எட்டாகப் பிரித்தார்கள். விறகும் அன்றாடத் துப்புரவும் பயன்படுத்தும் மூன்று வீடுகளின் பொறுப்பு. குழாய் எட்டு வீட்டுக்கும் பொது.

வேலைக்கு வந்த மேஸ்திரி தருமபுரிப் பக்கத்தவர். முதலில் எதையும் உடைக்கவில்லை. கைப்பேசியைப் படம் பிடிக்கும் நிலையில் கயிற்றில் கட்டி மேலிருந்து மெல்ல இறக்கினார். பிறகு மேல்வாயை ஈரச்சாக்கால் மூடி, அடுப்பில் பச்சை வேப்பிலையைப் புகையவிட்டு, ஒவ்வோர் அறையாக எல்லோரையும் நிற்கச் செய்தார். முன்னதாக மாடியின் கதவு, சன்னல்கள் அனைத்தையும் திறந்துவைக்கச் சொல்லியிருந்தார். அலமாரியின் பின்னாலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது.

“அம்மா, அடுப்புல ஒண்ணும் கோளாறு இல்ல. மேல வாய் கட்டியிருக்கு, நடுவுல உள்பூச்சு விட்டுப்போச்சு.”

“எத்தன நாளா இருக்கும் மேஸ்திரி?”

“கரி படிஞ்சிருக்கறதப் பாத்தா வருஷக்கணக்கும்மா. நீங்க விறகு மேல பழி போட்டிருப்பீங்க.”

மூதாட்டி பதில் சொல்லவில்லை. அச்சிறுமியின் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டார்.

உள்பூச்சு என்று மேஸ்திரி இயல்பாகச் சொன்ன சொல் குறிப்பிடத்தக்கது. ஒரு சமூகத்திடம் சொல் இல்லையென்றால் பொருளைப் பற்றிய அறிவும் இல்லை என்று முடிவுகட்டுவது மொழியியலில் பழைய மயக்கம். சொல் இருந்தது, தொழில் செய்பவரிடம் இருந்தது. குடியிருப்பவர்கள் அதனைக் கேட்கும் வாய்ப்பு முப்பது ஆண்டுகளில் அன்றுதான் வந்தது.

பழுதுபார்க்கும் வேலை நான்கு நாள் நடந்தது. முதல் நாள் கரி அகற்றினார்கள். தென்னந்துடைப்பத்தைக் கல்லோடு கட்டி மேலும் கீழும் இழுத்தபோது இரு வகைக் கரி வந்தது. ஒன்று உலர்ந்த பொடி. மற்றொன்று, ஈர விறகின் புகை குளிர்ந்த சுவரில் படிந்து இறுகிய கீல், கறுத்துப் பளபளப்பது. இரண்டாவதுதான் ஆபத்தானது. போதிய சூடு எட்டினால் அது குழாய்க்குள்ளேயே தீப்பற்றி எரியும்.

இரண்டாம் நாள் ஆஸ்பெஸ்டாஸ் குழாயை அகற்றினார்கள். அது அறுக்கவோ உடைக்கவோ கூடாத பொருள். உடைந்தால் பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். திடீர் வெப்பத்தில் அது வெடிக்கவும் கூடும். ஆகவே புகைபோக்கிக்கு முதலிலேயே ஏற்றதன்று. நீரால் நன்றாக நனைத்து, முகக்கவசம் அணிந்து, இணைப்பை மட்டும் இளக்கி, முழுக்குழாயையும் கயிறிட்டு மொட்டைமாடி வழியே தூக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டினார்கள். சிறுமியும் தாயும் அன்று முழுவதும் கீழ் வீட்டில் இருந்தார்கள்.

மூன்றாம் நாள், எஸ்.ஜே.பி. சாலைக் கடையில் வாங்கிய எஃகுக் குழாய்கள் வந்தன. துருப்பிடிக்காத எஃகு, ஆறங்குல விட்டம், ஒவ்வொன்றும் மூன்றடி நீளம். இவற்றை ஒன்றோடொன்று பொருத்துவதில் உதவியாளருக்கும் மேஸ்திரிக்கும் ஒரு தர்க்கம் எழுந்தது. புகை மேலே செல்வதால் கீழ்க்குழாயின் முனை மேற்குழாய்க்குள் நுழைவதே முறை என்றார் உதவியாளர். பார்வைக்கு அது சரியென்றே படும். மேஸ்திரி மறுத்தார். புகை மேலே போனாலும், அது குளிர்ந்து உருவாகும் கீல்நீர் கீழே வழியும். மேற்குழாயின் முனை கீழ்க்குழாயின் உள்ளே இறங்கியிருந்தால்தான் அந்த நீர் குழாய்க்குள்ளேயே ஓடி அடியில் சேரும். மாறாகப் பொருத்தினால் ஒவ்வோர் இணைப்பிலும் வெளியே கசிந்து சுவரைக் கறைப்படுத்தும். மாடி வீட்டுச் சுவரின் பழுப்புக் கறையைச் சுட்டிக்காட்டி அவர் தர்க்கத்தை முடித்தார்.

இணைப்புகளை அடைக்கச் சாதாரணச் சிமெண்டைத் தொடவில்லை. சூடும் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்கும் இடத்தில் சிமெண்டு தன் நீரை இழந்து விரியும். பழைய இணைப்பு வெடித்ததும் அதனால்தான். குழாய் கசிவுக்குப் பயன்படும் பிசின் வகைகள் சூட்டில் இளகிவிடும். உலைகளுக்கான தீக்களிமண் தூளைச் சோடியம் சிலிக்கேட் கரைசலில் குழைத்துப் பூசினார். எஃகுக் குழாய்க்கும் பழைய செங்கல் வாய்க்கும் இடையிலுள்ள வெளியை அடியிலும் தலையிலும் செராமிக் கம்பளியால் அடைத்து, நடுவே காற்றிடைவெளி விட்டார். குழாய் சூடு காத்தால்தான் புகை வேகமாக ஏறும், கீலும் குறையும். அடியில் கரி எடுக்கச் சிறு கதவு. மேலே, கைப்பிடிச் சுவரைத் தாண்டி மூன்றடி உயரத்தில், மழை புகாத தொப்பி. கம்பி வலை இம்முறை இல்லை. புறா நுழைய முடியாத அளவுக்குத் தொப்பியின் இடைவெளியில் பட்டைகள் மட்டும் வைக்கப்பட்டன.

கீழ்ப்பகுதியின் பழைய சுண்ணாம்புப் பூச்சில் உதிர்ந்திருந்த இடங்களைச் சாணம் கலந்த சுண்ணாம்புச் சாந்தால் சரிசெய்தார். இங்கிலாந்திலும் களிமண் உட்குழாய்கள் பரவுவதற்கு முன் புகைபோக்கியின் உட்புறத்தைச் சுண்ணாம்போடு மாட்டுச்சாணம் கலந்தே பூசினார்கள். நாரோடு கூடிய அந்தக் கலவை சூட்டில் எளிதில் வெடிப்பதில்லை. தருமபுரி மேஸ்திரியும் இங்கிலாந்துக் கொத்தனும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே விடையை அடைந்திருக்கிறார்கள்.

நான்காம் நாள் சிறு தீ மட்டும் மூட்டினார்கள். ஈரப் பூச்சு உடனே பெருஞ்சூட்டைத் தாங்காது. அடுப்பின் வாயில் காட்டிய ஊதுவத்தியின் புகை வளையாமல் உள்ளே இழுபட்டது. வேப்பிலைச் சோதனையை மீண்டும் செய்தபோது அலமாரியின் பின்னால் நின்ற சிறுமி, “ஒண்ணும் இல்ல அஜ்ஜி” என்று தமிழில் கத்தினாள். அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் பொருத்தப்பட்டது. குழாய் சரியானபின் அதற்குத் தேவையென்ன என்று ஒருவர் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னும் குழாய் சரியாகத்தான் இருந்தது என்றார் மூதாட்டி.

சிறுமியின் தலைவலி நின்றுவிட்டது. அடுப்பு அணைந்த நாளும் அரையாண்டு விடுமுறையும் அடுத்தடுத்து வந்ததால், எது எதனால் நேர்ந்தது என்று உறுதியாகப் பிரித்துக் கூற இயலாது. இரத்தச் சோதனை எதுவும் செய்யப்படவில்லை. சீருடையில் வாடை இல்லை என்பது மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. கண்ணாடி இப்போதும் இருக்கிறது. அவளுக்கு அது பிடித்துவிட்டது.

வெந்நீர் அடுப்பு என்றென்றும் நீடிக்கவேண்டும் என்று எவரும் வாதிடப்போவதில்லை. குழாயின் வழியே மேலே சென்ற புகையும் இந்நகரின் காற்றில்தான் கலக்கிறது. மூதாட்டிக்குப் பின் அத்தொழிலைச் செய்ய அவ்வட்டாரத்தில் வேறு யாருமில்லை. சூரிய வெந்நீர்க் கலம் ஒன்றை மொட்டைமாடியில் வைக்கும் பேச்சும் இருக்கிறது. ஆனால் எரிகிற காலம்வரை அதற்கு ஒழுங்கான வழி வேண்டும். நாளை வேறொன்று வந்தாலும் அதன் குழாய், அதன் இணைப்பு, அதன் உட்புறம் யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

குளியலறைச் சுவரில் இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. எட்டு வீடுகளின் எண்கள், அவற்றுக்கு எதிரே மாதங்களின் பெயர்கள். ஒரு பாதி தமிழில், மறுபாதி கன்னடத்தில். தன் முறை வரும் மாதத்தில் அந்த வீட்டார் அடிக்கதவைத் திறந்து கரியை எடுத்து, கைப்பேசியைக் கயிற்றில் இறக்கி, இணைப்புகளைப் படம்பிடித்து எல்லோருக்கும் காட்டவேண்டும். பிப்ரவரி மாதத்துக்கு எதிரே மாடி வீட்டின் எண் இருக்கிறது. அட்டையின் தலைப்பாகச் சிறுமி தன் கையால் இரு எழுத்துகளிலும் எழுதியிருக்கும் சொல் ‘உள்பூச்சு’.